வாய்க்குள் வைத்திருந்த சொல்

தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பழவேற்காடு ஏரிக்கரையில், வேலாங்குப்பத்தில், ஒருவரும் நம்பவில்லை. துளசிங்கம் நடிக்கிறான் என்றார்கள். உடம்பு வளைய மாட்டேன் என்கிறது என்றார்கள். இரக்கமுள்ள இரண்டொருவர் மட்டும் காத்து கறுப்பு அடித்திருக்கும் என்று சொல்லி வேப்பிலையைத் தேடிப் போனார்கள்.

எண்பத்துநாலாம் வருஷத்து ஐப்பசிப் புயல் அடித்த அன்று காலை, வலையை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்று அவனும் மாரியும் ஏரிக்குள் போனார்கள். அரைஞாண் கட்டிய வயசிலிருந்தே மாரி அவனுக்குக் கூட்டாளி. பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. படகு கவிழ்ந்தது. வலை கட்ட அடித்திருந்த கம்பத்தைத் துளசிங்கம் வலது கையால் அணைத்துக்கொண்டான். இடது கையால் மாரியைப் பிடித்துக்கொண்டான். கடைசி வரைக்கும் பிடித்திருந்ததாகத்தான் அவனுக்கு நினைப்பு. சாயங்காலம் ஆட்கள் வந்து அவனைக் கம்பத்திலிருந்து பிய்த்தெடுத்தபோது அந்தக் கை வெறுங்கையாக இருந்தது. எப்போது விட்டான் என்று அவனுக்கே தெரியாது.

அதற்கப்புறம் படகின் விளிம்பில் கால் வைத்தால் போதும், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினதுபோல ஆகிவிடும். மூச்சு பாதியில் நிற்கும். முப்பத்தெட்டு வயசு ஆண்பிள்ளை, நான்கு பேர் பார்க்கக் கரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவான். சொன்னால் வெட்கக்கேடு, அழுதால் துக்கக்கேடு என்பார்களே, அந்தக் கதைதான்.

வெட்கம் மட்டும் என்றால் விழுங்கிவிடலாம். பாடு அல்லவா போகப் பார்த்தது! முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக அகப்படும் இடங்கள் கொஞ்சம்தான். வலை போடுகிறவர்களோ நிறைய. அதனால் இன்றைக்கு இந்தப் படகு, நாளைக்கு அந்தப் படகு என்று ஊரே முறை வைத்துக்கொண்டு போகும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். அதில் பேர் உள்ளவன் தன் முறை வரும் நாளில் தானே படகேற வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை ஏறாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். போனால் போனதுதான், அவனுக்கும் இல்லை, அவன் பிள்ளைக்கும் இல்லை. துளசிங்கம் இரண்டு தடவை தவறவிட்டிருந்தான். மூன்றாவது, மாசி அமாவாசைக்கு மறுநாள் வரவிருந்தது.

அவன் ஏறவேண்டிய படகுக்குத் தலைவன் பொன்னுரங்கம். துளசிங்கத்தின் மனைவி தேவகிக்குக் கூடப்பிறந்த அண்ணன். குரலெடுத்தால் கருவாட்டுக்கு வந்த காக்கை அடுத்த குப்பத்துக்குப் போய்த்தான் உட்காரும்.

"எந்தங்கச்சிய ஒரு ஆம்பளைக்குக் குடுத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான் பொன்னுரங்கம், இரண்டாவது தடவை தவறிய அன்று, கரை முழுக்கக் கேட்கும்படி. "புயல்ல மாட்னவன் நீ ஒருத்தன்தானா? நான் மாட்டல? எங்கள மாதிரி ஏறவேண்டியதுதானே?"

துளசிங்கம் துண்டை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். பொன்னுரங்கமும் அன்று ஏரியில் மாட்டியவன்தான். மறுநாளே படகு தள்ளும் கழியைத் தூக்கிக்கொண்டு நின்றவன்.

தேவகி தாயத்துக் கட்டினாள். கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். எதற்கும் அசையாமல் போகவே, பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இருதயம் காளைமாட்டு இருதயம் என்றார். பயம் வரும்போது கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கவனித்தான். போகிற மூச்சு திரும்பி வருமா என்று கவனித்ததில் இன்னும் இரண்டு மடங்கு முட்டியது.

அடுத்த வாரம் மாத்திரைக்குப் போனவனிடம் நர்ஸ் மனோரமா நின்று பேசினாள். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவள். சிரிப்பு குறைவு, கை சுத்தம். "கூட்டம் போனதும் வா. ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் பூவும் எடுத்துட்டு வா" என்றாள். ஊசி போடும் அறையில், டெட்டால் வாடைக்கு நடுவே, அவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் தலைவலி தாங்காமல் மெட்ராஸில் ஓரிடத்தில் தான் கற்றுக்கொண்டது என்று சொல்லி, அவன் காதருகே ஒரு சொல்லைச் சொன்னாள்.

"இரீம்."

"அப்டின்னா இன்னா நர்ஸம்மா?"

"ஒண்ணும் இல்லை. சத்தம், அவ்வளவுதான். காலையில ஒரு தடவை, பொழுது சாயறப்ப ஒரு தடவை, மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு உக்காரு. மனசு வேற எங்கேயாவது போச்சுன்னா அதைத் திட்டாதே. மெதுவா இதுக்குத் திரும்பி வா. ஒண்ணே ஒண்ணு, இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா பலம் போயிடும்."

கலியாணத்தன்று கூடத் துளசிங்கம் இவ்வளவு பயபக்தியோடு தலையாட்டியதில்லை.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை மூடினால் மாரியின் முகம் வரும். இரீம் என்பான், போகும், மறுபடி வரும். இரண்டாம் வாரம், கரையில் இழுத்துப் போட்டிருந்த படகில் ஏறி உட்கார முடிந்தது. மூன்றாம் வாரம் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். நெஞ்சு இறுகத்தான் செய்தது. ஆனால் இறுகின கயிறு தானே தளர்வதும் தெரிந்தது. கட்டிப்போட்ட படகில் ஏறி, அது ஆட ஆட உட்கார்ந்திருந்த அன்று அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, கேட்காமலே தேவகிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வைத்தான். புருஷனுக்கு வியாதி முற்றிவிட்டது என்று அவள் பயந்தே போனாள்.

பழவேற்காடு கடைத்தெருவில் வலை நூல் விற்கும் ஜமால் முகம்மது பாய்தான் முதலில் கண்டுபிடித்தவர். கடைக்கு வந்தவனின் உதட்டையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இன்னாத்த ஓதுற?" என்றார். துளசிங்கம் முழித்தான். அந்த நேரம் பார்த்துக் கொடிக்கயிறு வாங்க மனோரமா வந்து நின்றாள். கள்ளனைக் கையோடு பிடித்த மாதிரி அவன் முகம் போன போக்கிலேயே பாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நர்ஸம்மா குடுத்த மருந்தா? இன்னா சொல்லுன்னு கேக்க மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தார் பாய். "நாங்களும்தான் சொல்றோம், திக்ருன்னு. ஆனா அது படைச்சவன் பேரு. கூப்புட்டா கேக்குறதுக்கு ஒருத்தன் இருக்கான். நீங்க குடுத்தது யாரு பேரும்மா?"

"யார் பேரும் இல்லை பாய்" என்றாள் மனோரமா. "பேருன்னா மனசு அதைப் புடிச்சுக்கிட்டு யோசிக்க ஆரம்பிக்கும். இதுல புடிக்க ஒண்ணும் இல்லை. அதனால தானா அடங்கும்."

"புடிக்க ஒண்ணும் இல்லன்னா அடங்குவானா, முழுவிப்போவானா?"

துளசிங்கத்தின் இடது கை தானாக மூடிக்கொண்டது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா" என்று அவன் தோளைத் தொட்டார். நல்ல மனுஷர், தர்க்கம் வந்தால் மட்டும் நாக்கு முன்னால் ஓடிவிடும்.

"டாக்டரு மூச்சப் பாருன்னாரே நர்ஸம்மா. அது ஏன் எனக்கு ஒத்து வரல?" என்று துளசிங்கம் கேட்டான்.

"அதுவும் நல்ல முறைதான். எத்தனையோ பேருக்குப் பிடிக்குது. உனக்கு நோவே மூச்சுலதானே இருக்கு? புண்ணையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா வலி ஏறும். உன் மனசுக்கு உக்கார வேற ஒரு பலகை வேணும்."

"பலகை சரி. அத்த ஏன் மூடி வெக்கணும்?" என்று பாய் விடவில்லை. "எங்கள்லயும் மனசுக்குள்ள ஓதறவங்க உண்டு. ஆனா ஒண்ணா உக்காந்து ஒரக்க ஓதுவோம் பாருங்க, அதுல ஒரு சேதி இருக்கு. எனக்கு நெஞ்சு கல்லாக் கெடக்குற அன்னிக்கி, பக்கத்துல இருக்குறவன் கொரலு என்ன இஸ்துக்கினு போவும். வாய்க்குள்ளயே வெச்சிக்கினவன யாரு இஸ்துக்கினு போவா?"

மனோரமா கயிற்றைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "சொன்னா பலம் போயிடும்னு எனக்குச் சொன்னாங்க. நானும் அதையே சொல்றேன். ஏன்னு எனக்கும் தெரியாது பாய்."

"தெரியாதுன்னீங்களே, அதான் நல்ல பதிலு" என்றார் பாய் திருப்தியாக.

அப்போது பொன்னுரங்கம் நூலுக்கு வந்தான். பேச்சின் வால் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். "மந்திரமாம், மாங்காயாம்! ஆம்பளைக்குக் கழிதான் மந்திரம். ரெண்டு ஊனு ஊனுனா பயம் பறந்துக்கினு போவும்" என்றான், நர்ஸைப் பார்க்காமலே. மனோரமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கயிற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. துளசிங்கம் காலையும் மாலையும் கண்ணை மூடி உட்காருகிறான், அதற்கப்புறம்தான் தண்ணீரில் இறங்குகிறான் என்று தேவகி ஒருத்தியிடம் சொல்ல, அவள் ஒன்பது பேரிடம் சொல்ல, விஷயம் கோயில் வாசலில் கூடுகிற கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. யார் யார் எந்த நாளில் எந்த இடம் என்று பேசி முடித்துச் சுருட்டுப் பற்றவைக்கிற நேரத்தில், பெண்கள் பக்கமிருந்து ஜெயம்மா எழுந்து வந்தாள். மாரியின் பெண்டாட்டி. புயலுக்கு அப்புறம் அவள் முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம்.

"ஏரிக்குள்ள ஒருத்தனுக்குப் புதுசா ஒரு எடத்துல மீன் ஆப்புட்டுச்சின்னா, மறைச்சி வெக்கலாமா?" என்று கேட்டாள்.

"கூடாது" என்றார்கள். அது ஊருக்கே தெரிந்த சட்டம். கண்டவன் கூட்டத்தில் சொல்லி, அந்த இடத்தைப் பாடு முறையில் சேர்த்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

"அப்ப துளசிங்கத்துக்குக் கெடச்சத மட்டும் அவுரு எப்பிடி மறைச்சி வெக்கலாம்? மூணு மாசமா நான் தூங்கல. எனக்கும் வேணும். ஊருக்குப் பொதுவுல வெக்கச் சொல்லுங்க."

மந்திரத்தைப் பாடு முறையில் சேர்ப்பதாவது! வேறு எந்த ஊராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். வேலாங்குப்பத்துப் பெரியவர்கள் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்கள். தண்ணீரில் இறங்க உதவுகிற எதுவும் ஏரியைச் சேர்ந்தது, ஏரியைச் சேர்ந்தது எதுவும் பொது. ஒரு கிழவர், முறை வைத்து ஒவ்வொரு வீடாக ஒருநாள் சொல்லலாம் என்றுகூட ஆரம்பித்துவிட்டார்.

துளசிங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தான். சொன்னால் பலம் போய்விடும். பலம் போனால் மூன்று நாளில் கரையில் மண்டியிட்டு உட்காருவான். பேர் போகும். பாடு போகும். பிள்ளை நாளைக்குக் கரையில் நின்று யாரோ கொண்டுவருகிற மீனைப் பார்த்துக்கொண்டிருப்பான். சொல்ல மாட்டேன் என்றால் அபராதத்தோடு முடிந்துவிடும். தேவகி பெண்கள் பக்கத்திலிருந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஜெயம்மா அவன் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை. "அண்ணா, கண்ண மூடுனா அவுரு மொகம்தான் வருது. உனுக்கும் வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

மாரியின் கையை விட்ட நேரம் இன்னதென்று தெரியாதவன் அவன். இப்போது இன்னொரு கை நீண்டிருக்கிறது, பார்த்துக்கொண்டே எப்படி விடுவது?

"வரும்" என்றான். "வந்தா வெரட்டக் கூடாது. மனசுக்குள்ள இரீம்னு சொல்லணும். இரீம். அவ்ளோதான் ஜெயம்மா."

சொல்லிவிட்டான். உள்ளே ஏதோ கொட்டிப்போனது போல இருந்தது.

பிறகு ஒரு பெருங்குரல். "டேய், அது எப்பிடிடா உனுக்குத் தெரியும்? அது என்னுதுடா!"

பொன்னுரங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஆறடி ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"என்னுதும் அதான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல், மிகச் சன்னமாக. இடதுபக்கம் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினான். அவனைப் பார்த்து இன்னும் ஒருவன். துளசிங்கத்தோடு ஐந்து பேர். ஐந்து பேரும் புயலன்று ஏரியில் இருந்தவர்கள். ஐந்து பேரும் எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், ஊசி போடும் அறைக்குப் போய்வந்தவர்கள்.

"அஞ்சு பேரா!" என்றாள் ஜெயம்மா. புயலுக்கு அப்புறம் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். "அப்ப அந்த ஒருத்தர மட்டும் பயந்தாங்கொள்ளின்னு கரையில வெச்சி நாறடிச்சீங்களே, வெக்கமா இல்ல?"

பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கையைக்கூடப் பார்க்காமல் போனான். பேரை நீக்குகிற சட்டத்தை மட்டும் கூட்டம் மாற்றவில்லை. சட்டம் சட்டம்தான்; ஏறினால் இருக்கும், ஏறாவிட்டால் போகும்.

மறுநாள் துளசிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றான். கோபமாகத்தான் போனான். மனோரமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான் துளசிங்கம். இருக்கிறதைத்தானே குடுக்க முடியும்? ஆளுக்கு ஒண்ணு குடுக்கணுமாம். அந்த வித்தை எனக்குத் தெரியாது. மத்தவங்களும் வந்தாங்கன்னு உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? ஒவ்வொருத்தரும் 'வேற யாருக்கும் தெரிய வேணாம்'னு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"எம்மச்சானுமா?"

"உன் மச்சான்தான் முதல்ல வந்தது. புயல் முடிஞ்சு எட்டாம் நாளு."

கோபம் போன இடம் தெரியவில்லை. இனி அந்தச் சொல்லுக்குப் பலம் உண்டா என்று கேட்டான். தெரியாது என்றாள். பாய் இருந்திருந்தால் இதையும் நல்ல பதிலென்று சொல்லியிருப்பார். அவனுக்குத்தான் அது போதவில்லை. திரும்பும் வழியில் ஜெயம்மாவைப் பார்த்தான். கூடையோடு நின்றாள்.

"உன்னுது எனக்கு ஒத்து வரலண்ணா" என்றாள். "நான் மாரி மாரின்னுதான் சொல்லிக்கினு படுத்தேன். ரெண்டு மணி நேரம் தூங்கிட்டேன்."

பேர் வேண்டாம், பிடித்துக்கொள்ளும் என்றாள் நர்ஸம்மா. பேர்தான் வேண்டும் என்றார் பாய். ஜெயம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பேர் தேவையாக இருந்தது, எடுத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் படகுகள் புறப்பட்டன. கரையில் பாதி ஊர் நின்றது. சிலர் வழியனுப்ப, சிலர் வேடிக்கை பார்க்க. தேவகி கங்கையம்மன் கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிங்கம் விளிம்பில் கால் வைத்தான். நெஞ்சு இறுகியது. இரீம் என்றான் உள்ளே. காலி டப்பாவில் கல் போட்ட மாதிரி வெறுமனே ஒலித்தது. என்றாலும் ஏறிவிட்டான்.

படகில் நாலு பேர். பொன்னுரங்கம் பின்னால் நின்று கழி ஊன்றினான். மூன்று நாளாக அவன் துளசிங்கத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கரை சின்னதாகிக்கொண்டே போனது. முகத்துவாரத்துப் பக்கம் திரும்பியதும், வலை கட்டும் கம்பங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் எது அந்தக் கம்பம் என்று துளசிங்கத்துக்குத் தெரியும். மூச்சு பாதியில் நின்றது. உள்ளே அந்தச் சொல்லைத் தேடினான், எட்டவில்லை. திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட வேண்டும், பாடு போனால் போகட்டும் என்று பின்னால் திரும்பினான்.

படகு நகரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். பொன்னுரங்கம் ஊன்றிய கழியை எடுக்காமல், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சாம்பல் பூத்திருந்தது. மறுநாளே கழியைத் தூக்கிக்கொண்டு நின்ற மனுஷன், இந்த மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தை இப்படித்தான் கடந்திருக்கிறான், ஒரு ஆளுக்கும் தெரியாமல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுரங்கத்தின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு, கரையில் ஒருநாளும் ஒருவரும் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னான்.

"சத்தமாச் சொல்லு மச்சான். எனக்கும் கேக்கட்டும்."